மரச்சீனியின் நஞ்சும் முதற்சீலமும்

"உயிரைக் கொல்லேன் என்று சீலம் ஏற்ற நீங்கள் கீரையை மட்டும் அரியலாமோ? அதற்கும் உயிருண்டு அன்றோ?" இவ்வினாவைக் கேளாத பௌத்தர் நம்முள் அரியர். கேட்போர் பெரும்பாலும் அறிய விரும்பிக் கேட்பதில்லை; வாயடைக்கவே கேட்கின்றனர். ஆயினும் வினா நல்வினாவே. அண்மைக்கால ஆராய்ச்சிகளால் அது கூர்மையும் பெற்றுள்ளது. ஆதலின் நகைத்து ஒதுக்காது ஆராய்வோம்.

திருவனந்தபுரத்தார் எடுத்துக்காட்டுத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொல்லையில் நிற்கும் மரச்சீனியே போதும். தென்னமெரிக்கச் செடியாகிய இதனை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பயிரிடுமாறு ஊக்கினார். 1942-இல் பர்மா அரிசியின் வரவு நின்றபோது ஏழையர் வயிற்றைக் காத்தது இக்கிழங்கே. அத்தகைய செடி தன் இலையில் நஞ்சின் கூறுகளைப் பிரித்து வைத்திருக்கிறது. லினமாரின் என்னும் பொருள் உயிரணுவின் உள்ளறையில். அதைப் பிளக்கும் நொதி அணுவின் சுவரில். இலை நலமாயிருக்குங்கால் இரண்டும் சந்திப்பதில்லை. புழு கடித்து அணு சிதைந்தவுடன் அவை கலக்க, ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடுநஞ்சு வெளிப்படுகின்றது. வேலி தாண்டி இலையை மேய்ந்த ஆடுமாடுகள் மடிவதும், நம் தாய்மார் கிழங்கை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவதும் இதனாலேயே. கடிக்கும் பல்லே நஞ்சைக் கலக்கும் கையாகிறது!

ஏனைய செடிகளின் செயல் இன்னும் வியப்புடையது. தக்காளியின் ஓரிலையை வண்டு கடித்தால், கடிபடாத இலைகளிலும் பூச்சியின் செரிமானத்தைத் தடுக்கும் புரதம் தோன்றுவதை 1972-இல் அமெரிக்க அறிஞர் கிரீனும் ரையானும் வெளியிட்டனர். மக்காச்சோளமோ, புழுவின் எச்சில் பட்டதும் ஒருவகை மணத்தை வீசி, அப்புழுவின் உடலில் முட்டையிடும் குளவிகளை வருவிக்கிறது. புழு இலையை மெல்லும் அதிர்வை மட்டும் பதிவு செய்து ஊட்டப்பட்ட செடி, பின்னர் புழு கடிக்கையில் காப்புப் பொருளை மிகுதியாகச் சுரந்தது. காற்றின் அதிர்வை ஊட்டியபோது அவ்வாறு செய்யவில்லை. இது 2014-இல் மிசூரிப் பல்கலைக்கழகத்தார் கண்டது.

அறிகிறது, காக்கிறது, சரி. துன்புறுகிறதா? மயக்க மருந்து ஏற்ற நோயாளியின் உடலில் கத்தி படுகையில் குருதி உறைகிறது. வெள்ளணுக்கள் காயத்தை நோக்கி விரைகின்றன. நோயாளி யாதும் உணர்வதில்லை. எனவே எதிர்ச்செயல் ஒன்றையே கொண்டு வேதனை உண்டெனச் சாதித்தல் இயலாது. செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை.

விநயத்தின் போக்கை இங்கு நோக்குக. ஆளவியில் ஒரு பிக்கு மரத்தை வெட்டினார். ஓரறிவுயிரைச் சிதைப்பதாக மக்கள் பழித்தனர். மரத்தில் உயிருண்டென மக்கள் கருதுகின்றனர் என்பதைக் காட்டி, பகவர் பிக்குகளுக்கு அச்செயலை விலக்கினார். வேர், தண்டு, கணு, நுனி, விதை என முளைப்பவற்றை ஐவகையாக்கியும் வைத்தனர். (நம் மரச்சீனி தண்டால் முளைப்பது.) இவ்விதி பிக்குகளுக்கு உரியது, இல்லறத்தார் கீரை அரிதல் முதற்சீலத்திற்கு இழுக்கன்று. ஆயினும் வீணே கிளை முறிப்பதற்கு இதனை நான் சான்றாக்க மாட்டேன்.

என்னை உறுத்துவது வேறொன்று. 1963-இல் நிறுவப்பட்ட ஸ்ரீகாரியம் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார், மரச்சீனி இலையிலிருந்தே பூச்சிக்கொல்லிகளைப் பிரித்தெடுத்துள்ளனர். 'நன்ம', 'மேன்ம' என்பன அவற்றின் பெயர்கள். வாழைத் தண்டைத் துளைக்கும் கூன்வண்டுக்கு அவை எமனாவன. நஞ்சுக்கு நன்மையென்று பெயர்! செயற்கை மருந்துகளினும் இவை நிலத்திற்கு உகந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செடி கொல்லுகையில் ஆங்குச் சேதனை இல்லை. அதே நஞ்சை உழவன் ஊசியால் ஏற்றுகையில், உயிரென அறிந்து, கொல்லும் எண்ணத்தோடு ஏற்றுகிறான். செடியின்மேல் பழி போட இயலாது. வாழையொன்றையே நம்பிய குடும்பத்தானிடம் "வண்டை விட்டுவிடு" என்று கூறவும் எனக்கு நா எழவில்லை.

எனினும் ஊசிக்கு முன்னே செய்யத்தக்கது உண்டு. கூன்வண்டு தண்டின் மட்டைகளிலேயே முட்டையிடும். காய்ந்த மட்டைகளினடியிலும் வெட்டிய பழந்தண்டுகளிலும் தங்கிப் பெருகும். உலர்ந்த மட்டைகளை அவ்வப்போது உரித்து, குலை வெட்டியவுடன் தண்டையும் தோட்டத்தினின்று அகற்றினால் வண்டு பெருக இடமிராது. சீலம் ஏற்ற உழவர் அவ்வேலையை முதலிற் செய்யட்டும்.