இன்னொருவர் பெயரில் எழுதியவர்

உழைப்பு நம்முடையது, பெயர் இன்னொருவருக்கு என்றால் மனசு சுருங்கிப்போகிறது. இன்னொருவரை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றவரின் வாழ்க்கை குறைப்பட்டதுதானா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் அமெரிக்க பேஸ்பால் நிருபர் வெண்டல் ஸ்மித்தை நினைத்துக்கொள்வேன்.

ஸ்மித் 1914இல் டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பினத்தவர். இளம் வயதில் நல்ல பிட்சர். அவர் ஜெயித்துக் கொடுத்த ஓர் ஆட்டத்தைப் பார்க்க வந்த தேர்வாளர், அவருடைய பந்துகளைப் பிடித்த வெள்ளைக்கார கேட்சரை ஒப்பந்தம் செய்துகொண்டு, ஸ்மித்தை மட்டும் எடுக்க முடியாது என்று கைவிரித்தார். காரணம் தோலின் நிறம்.

1937இல் கறுப்பின மக்களின் வாரப் பத்திரிகையான ‘பிட்ஸ்பர்க் கூரியரி’ல் சேர்ந்தார். அந்நாளில் பெரிய லீக் அணிகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை; அவர்களைச் சேர்த்தால் வெள்ளை வீரர்கள் ஆட மாட்டார்கள் என்பது பலரும் சொன்ன சாக்கு. ஸ்மித் அதோடு வாதாடவில்லை. 1939இல் பிட்ஸ்பர்க்குக்கு ஆட வந்த நேஷனல் லீக் அணிகளின் வீரர்களையும் மேலாளர்களையும் தேடிப் போய், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று நேரடியாகக் கேட்டார். பெரும்பாலோர் இல்லை என்றார்கள். அதை வாரா வாரம் அச்சிட்டார். நிருபர் வேலை என்றால் இதுதான்.

1945 ஏப்ரலில் மூன்று கறுப்பின வீரர்களை பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் தேர்வுக்கு அழைத்துப் போனார். மூவரில் யாரையும் அந்த அணி எடுக்கவில்லை. திரும்பும் வழியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கியைச் சந்தித்து, மூவரில் ஒருவரான ஜாக்கி ராபின்சனின் பெயரைச் சொன்னார். 1947 ஏப்ரல் 15இல் ராபின்சன் டாட்ஜர்ஸ் சீருடையில் களமிறங்கினார்.

அந்த ஆண்டிலும் அதற்கு முந்தைய ஆண்டிலும் ஸ்மித் அவர் கூடவே பயணம் செய்தார். ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் ஊரார் மிரட்டியபோது இருவரும் ஒன்றாகவே வெளியேறினார்கள். ராபின்சனுக்கு ஸ்மித் தங்க இடம் பார்த்தார், தனிமைக்குத் துணையிருந்தார். ‘கூரியரி’ல் ராபின்சன் பெயரில் வந்த பத்தியை எழுதியதும் அவர்தான். இதற்கெல்லாம் டாட்ஜர்ஸ் அணி அவருக்குச் சம்பளம் கொடுத்தது. செய்தி சேகரிப்பவர் அணியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது நல்ல விதி. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் அவருக்கு உறுப்பினர் அட்டைகூடத் தரவில்லை. பார்வையாளர் வரிசையில், மடியில் டைப்ரைட்டரை வைத்துத்தான் அவர் எழுத வேண்டியிருந்தது. வெளியே நிறுத்தப்பட்டவரிடம் நடுநிலை கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

பிறகு சிகாகோ நாளிதழுக்கு மாறி, 1948இல் சங்கத்தில் உறுப்பினரானார். அதோடு ஓய்ந்துவிடவில்லை. வசந்தகாலப் பயிற்சிக்கு ஃபுளோரிடா போகும் கறுப்பின வீரர்களை அணியின் ஹோட்டலில் சேர்ப்பதில்லை என்பதை 1961இல் கையிலெடுத்து விடாமல் எழுதினார். களத்தில் இடம் கிடைத்தவனுக்குப் படுக்க இடமில்லை என்ற அநியாயம் அவருக்குப் பொறுக்கவில்லை.

1972 அக்டோபரில் ராபின்சன் மறைந்தார். நோயில் இருந்த ஸ்மித்தால் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை; அஞ்சலிக் கட்டுரையை மட்டும் எழுதினார். அடுத்த மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஒருகாலத்தில் அட்டை மறுத்த அதே சங்கம் 1993இல் தன் மிக உயர்ந்த விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. உங்களை முன்னே நிறுத்தியவர் யாராவது இன்னும் இருந்தால், அவர் பெயரை நாலு பேர் முன்னால் இப்போதே சொல்லிவிடுங்கள்.