தேர்ப்பாகன் காட்டிய நெறி

தன் உடலின் தேவையைக் கவனிப்பது தன்னலமாகாதா என்னும் ஐயம், பக்தியிற் சிறந்த இல்லங்களிலேயே மிகுதியாக எழுகின்றது. பெருமாளுக்கு அமுது செய்வித்து, அனைவருக்கும் பரிமாறி, பொழுது சாய்ந்தபின் எஞ்சியதை உண்டு, தன் நோயையும் வெளியிற் சொல்லாதிருக்கும் இல்லத்தரசியை உலகம் தியாகி எனப் போற்றுகின்றது. அந்தப் போற்றுதல் அவள் பசியை ஆற்றுவதில்லை. இவ்வொழுக்கம் எம்பெருமானின் திருவுள்ளத்துக்கு உகந்ததுதானா என்று ஆராய்தல் தகும்.

சேதனமும் அசேதனமுமாகிய அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது ஸ்ரீராமாநுஜ சித்தாந்தம். ஆன்மா அவனுக்கே சேஷம். அவ்வான்மா தங்கிய உடலும் அவன் உடைமையே. ஆதலின், “இவ்வுடல் எப்படிப் போனால் என்ன?” என்னும் சொல் வைராக்கியம்போல் ஒலிப்பினும், பிறன் பொருளை அழியவிடும் செயலாகவே முடியும். கோயில் நந்தவனத்துக்கு நீர் பாய்ச்சாது வாடவிட்டவனைத் துறவி என்று எவரும் கூறார். துறக்கத்தக்கது ‘யான், எனது’ என்னும் செருக்கு ஒன்றே.

பக்தி கைகூடுதற்குரிய ஏழு சாதனங்களை ஸ்ரீபாஷ்யம் கூறுகின்றது. அவற்றுள் முதலாவதான விவேகம், உணவின் தூய்மையால் உடலைத் தூய்மையாகக் காத்தல். ஆறாவதான அநவஸாதம், உள்ளம் சோர்ந்து தளராதிருத்தல். கீதையின் 6ஆம் அத்தியாயத்திலும், ஊணிலும் உறக்கத்திலும் மிகுதி, குறைவு ஆகிய இரண்டையுமே பகவான் விலக்குகின்றான்.

சொன்னவன் செய்தும் காட்டினான். பாரதப் போரின் 14ஆம் நாள், கதிரவன் மறையுமுன் ஜயத்ரதனை வீழ்த்துவதாகச் சபதம் பூண்டிருந்தான் அருச்சுனன். பொழுதோ குறுகிக்கொண்டிருந்தது. எனினும், குதிரைகள் அம்புபட்டுத் தளர்ந்தமை கண்ட கண்ணன், களத்தின் நடுவே தேரை நிறுத்தினான். அவற்றை அவிழ்த்து, தைத்த அம்புகளைக் களைந்து, உடலைத் தேய்த்து, நீர் காட்டினான். அதன்பின்னரே தேர் விரைந்தது, சபதமும் நிறைவேறிற்று. உடலைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் உருவகிக்கும் கடோபநிஷத்தை அறிந்தோர்க்கு இச்செயலின் உட்பொருள் எளிதில் விளங்கும்.

காலத்தே உண்பதும், வேண்டுமளவு உறங்குவதும், நோய்க்கு மருந்து கொள்வதும் கைங்கரியத்துக்கு அங்கங்களே. கைங்கரியத்தை மறந்து உடலே குறிக்கோளாகும்போதுதான் அது போகமாகின்றது.

இத்திருவிழா நாளிலேனும், அனைவருக்கும் பரிமாறுபவளை முதலில் அமரச் செய்து இல்லத்தார் பரிமாறுவாராக. அவளும் மறுக்காது உண்பாளாக. அவளுள்ளும் அந்தர்யாமியாய் எழுந்தருளியிருப்பவன் அவனே.