முதல் சனிக்கிழமை



ஆட்டப் பருவத்தின் கடைசி நாளில் வருகிற தோல்வியை மனிதர்கள் எப்படியோ சகித்துக்கொள்ளுகிறார்கள். முதல் நாளிலேயே வந்து வாசலில் நிற்கிற தோல்வியைச் சகிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. முன்னதில் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய வருத்தம் மட்டும் இருக்க, பின்னதிலோ, இன்னும் ஆடியே பாராத பல ஆட்டங்களின் வெற்றிகளையெல்லாம் ஒரே பிற்பகலில் பறிகொடுத்துவிட்ட ஆத்திரமும் சேர்ந்துகொள்ளுகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்திலே ஆன் ஆர்பர் என்ற பல்கலைக்கழக நகரத்தில், 2007ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 1ஆம் தேதி சனிக்கிழமையன்று இந்த ஆத்திரம் பூரண ரூபத்தில் வெளிப்பட்டதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லுவது நாம் மைதானத்தில் உதைத்து விளையாடுகிற பந்தாட்டம் அன்று. முட்டை வடிவமான பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியும், தூரத்து ஆளுக்கு வீசியும், வழிமறிப்பவரைத் தோளால் மோதிச் சாய்த்தும் ஆடுகிற முரட்டு விளையாட்டு அது. அதையே தொழிலாகக் கொண்டு ஆடுகிற அணிகள் அந்நாட்டில் இருந்தபோதிலும், பல ஊர்களில் ஜனங்களின் உயிரெல்லாம் கல்லூரி மாணவர்களின் ஆட்டத்தில்தான் இருக்கிறது. ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆரம்பிக்கிற பருவம் நவம்பரோடு அநேகமாக முடிந்துவிடுகிறது. ஓர் அணிக்குக் கிடைப்பவை 12 ஆட்டங்கள். புத்தாண்டை ஒட்டி நடக்கும் விசேஷ ஆட்டமும் கழிந்துவிட்டால், பிறகு எட்டு மாத காலம் ரசிகனுக்கு நம்பிக்கையைத் தவிர வேறு ஆகாரம் இல்லை.

அந்த வருஷம் மிச்சிகன் ரசிகர்களுக்கு இந்த ஆகாரம் சற்று மிதமிஞ்சியே கிடைத்திருந்தது. 1879 முதல் ஆடிவருகிற, வெற்றிகளின் மொத்த எண்ணிக்கையில் எந்தக் கல்லூரிக்கும் பின்வாங்காத அணி அது. முந்தைய வருஷம் தொடர்ந்து 11 ஆட்டங்களை வென்று, ஜன்மப் பகையான ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 42-39 என்று மயிரிழையில் தோற்றிருந்தது. சாட் ஹென்னி, மைக் ஹார்ட், ஜேக் லாங் ஆகிய மூன்று முக்கியமான வீரர்களும், பணம் கொழிக்கும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல், கடைசி வருஷத்தையும் கல்லூரியிலேயே ஆடித் தீர்ப்பது என்று திரும்பி வந்திருந்தார்கள். பருவம் தொடங்குமுன் வெளியான தரவரிசையில் ஐந்தாம் ஸ்தானம் வேறு. இத்தனையும் கூடிய பிறகு எந்த ரசிகன்தான் மனக்கோட்டை கட்டாமல் இருப்பான்?

எதிராளியாக வந்தது அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகம். வட கரோலினாவின் மலைப் பிரதேசத்தில் பூன் என்ற சிற்றூரில் இருக்கும் கல்லூரி அது. அப்போது ஒரு படி தாழ்ந்த பிரிவில் ஆடிவந்தது. ஆனால் அந்தப் பிரிவில் 2005, 2006 ஆகிய இரண்டு வருஷங்களிலும் முதற்பரிசு பெற்றது என்பதைப் பெரிய மைதானத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ! இத்தகைய ஆட்டங்கள் ஏற்பாடாவதில் ஒரு ரகசியம் உண்டு. ரகசியம் என்றுகூடச் சொல்வதற்கில்லை, ஊரறிந்த வியாபாரம் அது. பெரிய கல்லூரி சிறிய கல்லூரிக்கு ஒரு தொகையைக் கொடுத்துத் தன் மைதானத்துக்கு வரவழைக்கிறது; சிறியது பணத்தோடு ஊர் திரும்புகிறது, பெரியது சுலபமான வெற்றியோடு பருவத்தைத் தொடங்குகிறது. அன்றைக்கு விருந்தாளிக்கு வழங்கப்பட்டது 4 லட்சம் டாலர். மிச்சிகன் ரசிகர்களின் கோபத்தில் ஒரு பங்கு, விலை கொடுத்து வாங்கிய வெற்றி கைக்கு வந்து சேரவில்லையே என்கிற கோபம்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆன் ஆர்பர் மைதானத்தில் அன்று கூடியவர்கள் 1,09,218 பேர். நகரத்தின் ஜனத்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். இடைவேளையில் மலைநாட்டுப் பிள்ளைகள் 28-17 என்று முன்னணியில் இருந்தார்கள். ஐந்து நிமிஷத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்த சமயத்தில் மைக் ஹார்ட் 54 கஜம் ஓடிப் புள்ளி எடுக்க, மிச்சிகன் 32-31 என்று முந்தியது. கூட்டத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் 26 விநாடி எஞ்சியிருந்தபோது அப்பலாச்சியன் அணி பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டது. ஹென்னி விடவில்லை, மானிங்ஹாம் என்பவருக்கு நீளமாக வீசிப் பந்தை எதிரியின் எல்லைக்குள் வெகுதூரம் கொண்டுபோய்விட்டார். இன்னும் ஆறு விநாடி. 37 கஜ தூரத்திலிருந்து ஓர் உதை. அது கம்பங்களுக்கு நடுவே போய்விட்டால் மானம் பிழைத்தது. உதைத்த பந்து மேலே எழும்புவதற்கு முன்பே கோரி லிஞ்ச் என்ற அப்பலாச்சியன் வீரர் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வந்து அதைத் தடுத்து, தாமே அதை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் ஓடிவிட்டார். 34-32.

அந்த ஆட்டத்தை ஒளிபரப்பியது இரண்டு நாள் முன்னதாகத்தான் பிறந்த ஒரு புதிய தொலைக்காட்சி. அது பல வீடுகளுக்கு எட்டாமையால் மிச்சிகன் ரசிகர்களில் பலர் வானொலியின் மூலமாகவே இந்த வேதனையை அனுபவித்தார்கள் என்பதை, வானொலியில் பேசுகிற நான் சொல்லாமல் விடுவது முறையாகாது. இதற்கிடையில் பூன் நகரத்து மாணவர்கள் தங்கள் ஊர் மைதானத்திலிருந்த கோல் கம்பத்தைப் பெயர்த்தெடுத்து, ஊர்வலமாகச் சுமந்துகொண்டு போய்ப் பல்கலைக்கழகத் தலைவருடைய வீட்டு முற்றத்தில் சேர்த்துவிட்டார்கள்! ஆனந்தம் வந்தாலும் கம்பத்துக்குத்தான் ஆபத்து.

தோற்ற பக்கத்தில் நடந்தது வேறு விதமான வேலை. அதைக் கணக்குப் பார்ப்பது என்று சொல்லலாம். அந்த விளையாட்டில் ஆறு புள்ளி எடுத்த அணிக்கு இரண்டு வழி உண்டு: பந்தை உதைத்து எளிதாக ஒரு புள்ளி சேர்த்துக்கொள்ளலாம், அல்லது துணிந்து மறுபடியும் கோட்டைத் தாண்ட முயன்று இரண்டு புள்ளிகள் எடுக்கலாம். மிச்சிகன் அன்று இரண்டு தடவை துணிந்தது, இரண்டு தடவையும் தவறியது. இரண்டு முறையும் அடக்கமாக உதைத்திருந்தால் 34-34 ஆகியிருக்குமே என்று விரல்விட்டு எண்ணாத மிச்சிகன் ரசிகன் அன்றிரவு இருந்திருக்கமாட்டான். கூட்டல் சரிதான், ஆனால் முன்னாலே ஒரு புள்ளி மாறியிருந்தால் பின்னாலே இரண்டு பக்கத்தாரும் எடுத்த தீர்மானங்கள் அத்தனையும் மாறியிருக்கும் என்பதை அந்தக் கூட்டல் கவனிப்பதில்லை. நடந்துவிட்டதைத் திருத்தி எழுதுகிற இந்த ஆசையை நான் பரிகசிக்க விரும்பவில்லை. துக்க வீட்டில் வேறு டாக்டரிடம் காட்டியிருக்கலாமே என்று பேசிக்கொள்ளுகிறார்களே, அதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

கணக்கு முடிந்ததும் குற்றவாளியைத் தேடத் தொடங்கினார்கள். வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை. பயிற்சியாளர் லாயிட் கார் 1995 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். 1997இல் ஒரு தோல்விகூட இல்லாமல் தேசியப் பட்டத்தில் பங்கு பெற்றுத் தந்தவர். அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய அதே ஜனங்கள், பந்தை வீசாமல் தானே தூக்கிக்கொண்டு ஓடுகிற எதிரணி ஆட்டக்காரனை அடக்க அவருக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை என்றும், அவருக்கு வயசாகிவிட்டது என்றும், உடனே வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்றும் பேசத் தலைப்பட்டார்கள். முதல் குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயம் இல்லாமற் போகவில்லை. அப்பலாச்சியன் அணியின் ஆர்மாண்டி எட்வர்ட்ஸ் என்ற மெலிந்த இளைஞர் அன்றைக்கு அந்தப் பலவீனத்தைப் பட்டப்பகலில் காட்டிக் கொடுத்துவிட்டார். தரவரிசையில் ஐந்தாவதாக இருந்த அணி மறுவாரம் 25 பெயர் கொண்ட பட்டியலிலேயே காணப்படவில்லை. வாக்கெடுப்புகளும் கணிப்பொறிக் கணக்குகளும் சேர்ந்து தேசியப் பட்டத்துக்குரிய இரண்டே அணிகளைப் பொறுக்கியெடுத்த அந்நாளில், ‘முதற் கோணல் முற்றும் கோணல்’ என்பது பழமொழியாக அல்ல, விதியாகவே ரசிகர்களுக்குத் தோன்றியது.

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பிறகு வரும் திங்கட்கிழமைகளில், கல்லூரிப் பெயரும் சின்னமும் பொறித்த உடைகளை எத்தனை மாணவர்கள் அணிந்து வருகிறார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். வெற்றிக்குப் பிறகு அதிகம், தோல்விக்குப் பிறகு குறைவு. மனித சுபாவம் இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆயினும் திங்கட்கிழமையை மட்டும் கண்டு மனிதனைத் தீர்மானித்துவிடக் கூடாது. அடுத்த சனிக்கிழமையையும் பார்க்கவேண்டும். ஆன் ஆர்பரில் 1975 நவம்பரிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தார்கள். அந்த மகா அவமானத்துக்கு அடுத்த வாரமும் வந்தார்கள். பயிற்சியாளரை வாய் ஓயாமல் வைதவர்களும் மஞ்சளும் நீலமுமாக உடுத்துக்கொண்டு தங்கள் இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். உண்மையில் விட்டு விலகிப் போகிறவன் சண்டை போடுவதில்லை, சத்தமில்லாமல் போய்விடுகிறான்.

வந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு என்னவென்றால், ஓரிகன் அணியிடம் 39-7 என்று இன்னொரு தோல்வி! அதற்கு மேல் கீழே போக இடமில்லாமையாலோ என்னவோ, மூன்றாம் வாரம் நோட்ரே டாம் அணியை 38-0 என்று வென்று, தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் மிச்சிகன் ஜயித்தது. நவம்பரில் மீண்டும் ஓஹாயோவிடம் தோற்றதும் கார் தமது ஓய்வை அறிவித்தார். 2008 ஜனவரி 1ஆம் தேதி ஆர்லாண்டோவில் அவருடைய கடைசி ஆட்டம். அந்த வருஷத்தின் மிகச் சிறந்த வீரர் என்று விருது பெற்ற டிம் டீபோவின் ஃபுளோரிடா அணியை 41-35 என்று தோற்கடித்து, மாணவர்கள் கிழவரைத் தோள்மீது தூக்கிக்கொண்டு போனார்கள். நான்கு மாதங்களுக்கு முன் அவரை வீட்டுக்கு அனுப்பத் துடித்த ரசிகர்களும் அன்று கைதட்டத்தான் செய்திருப்பார்கள்.

2014இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அதே அப்பலாச்சியன் அணியை, அதே மைதானத்துக்கு, பருவத்தின் முதல் ஆட்டத்துக்கே மறுபடியும் அழைத்து, 52-14 என்று வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டது. அந்தப் பருவத்தின் 12 ஆட்டங்களில் மிச்சிகன் மொத்தம் ஐந்தில்தான் வென்றது. டிசம்பர் பிறந்ததும் அப்போதைய பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.