உறக்கத்தில் ஒடுங்காத ‘நான்’



அரவணையில் பள்ளிகொண்ட அரங்கனிடம் பெரியாழ்வார் ‘துப்புடையாரை’ என்னும் திருமொழியில் ஒரு விண்ணப்பம் வைக்கிறார். இறுதியில் உடல் தளர்ந்து நலியும் வேளையில் தம்மால் அவனை நினைக்க இயலாது. ஆகையால் அவ்வேளைக்கு உரியதை இன்றே சொல்லி வைக்கிறார். இக்காலத்து இளைஞர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழுகிறது. நினைவு மூளையின் மின்னோட்டமே எனில், அது அடங்கியபின் அவ்விண்ணப்பத்துக்கு உரியவராக எஞ்சுபவர் யார்? விடை காண இறுதிக் காலம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் இரவும் நாம் நினைவை இழக்கிறோம்.

ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதத் தலையிலிருந்து மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்து, 1929-இல் வெளியிட்டார். கண்மூடி அமைதியாக அமர்ந்தால் நொடிக்கு 8 முதல் 13 வரையிலான ஆல்ஃபா அலைகள் தோன்றும். கண் திறந்தால் மங்கும். ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு 4-க்கும் குறைவான டெல்டா அலைகள். வியப்பு என்னவெனில், அறிவு ஒடுங்கிய அந்நிலையில் அலைகள் சிறுப்பதில்லை, பெருக்கின்றன! நரம்பணுக்கள் பெருந்திரளாக ஒன்றுகூடி இயங்கி, ஒன்றுகூடி ஓய்வதே காரணம். ஆக, மின்சாரத்தின் அளவே அறிவின் அளவு என்று கொள்ளவியலாது.

ஆல்ஃபா அலையைக் காட்டி ஜபத்தின் மேன்மையை நிறுவுவோரும் உளர். அடியேனுக்கு அதில் உடன்பாடில்லை. வெறுமனே கண்மூடி இருப்பவருக்கும் அவ்வலை வரும். கருவி காட்டுவது மூளையை, ஆத்மாவை அன்று.

ஸ்வாமி எம்பெருமானார் தரிசனத்தில் ஆத்மா தனக்குத் தானே ‘நான்’ என்று ஒளிரும். அதன் தர்மபூத ஜ்ஞானமோ, விளக்கினின்று பரவும் ஒளிபோல விரியும், சுருங்கும். விரிவதற்கு மனமும் இந்திரியங்களும் வாயில்கள். உறக்கத்தில் சுருங்குவது இந்த ஒளியே, விளக்கு அணைவதில்லை. அதனாலன்றோ விழித்தெழுந்தவன் ‘நான் சுகமாக உறங்கினேன்’ என்கிறான்! ‘என்னையும் நான் அறியவில்லை’ என்றும் சொல்கிறானே எனில், அங்கும் ‘நான்’ நிற்கிறது. அவன் அறியாதது விழிப்பில் தன்னோடு சேர்த்து எண்ணும் ஜாதி முதலான விசேஷணங்களை என்று ஸ்ரீபாஷ்யம் தெளிவிக்கிறது.

உறங்கும் ஜீவன் எங்கே இருக்கிறான்? நாடிகளில், புரீதத்தில், ப்ரஹ்மத்தில் என மூன்றும் ஓதப்படுகின்றன. மாளிகையில், கட்டிலில், மெத்தையில் ஒருவன் உறங்குவது போல இவை மூன்றும் பொருந்தும். நேரே இளைப்பாறும் இடம் பரமாத்மாவே. விழிப்பவனும் உறங்கியவனே, வேறொருவன் அல்லன். இதற்கு ஸூத்ரகாரர் காட்டும் காரணங்களுள் கர்மமும் நினைவும் அடங்கும். வங்கியில் உழைத்த அடியேனுக்கு இது எளிதில் விளங்கியது. கிளையை இரவில் பூட்டியதால் கடன்கணக்கு வேறொருவர் பெயருக்கு மாறாது, வட்டியும் நிற்காது.

கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கும் பக்தனைத் தானே நினைப்பதாக வராஹப் பெருமான் பூமிப்பிராட்டியிடம் வாக்களித்தான். ஆழ்வார் பள்ளிகொண்டவனைத் தேர்ந்ததும் பொருத்தமே. அவனுடைய துயில் யோகநித்ரை. அதில் ஜ்ஞான ஸங்கோசம் இல்லை. இன்று கேட்டதை அன்று அவன் மறந்திருக்க வழியில்லை.