முளைக்காத நான்கு விதைகள்

திண்டிவனத்தை அடுத்த சிற்றூரிலிருந்து கல்லூரி சென்று உயிரியல் பயிலும் என் பழைய மாணவன் ஒருவன், செய்முறைக் குறிப்பேட்டுடன் விழுப்புரத்தில் என்னைக் காண வந்தான். பத்து மல்லாட்டை விதைகளை ஈரத்தில் இட்டானாம், ஆறுதான் முளைத்தன. ஏட்டிலோ பத்தும் முளைத்து நிற்கின்றன!

"ஆறு என்றுதான் எழுதினேன், ஐயா. அடித்துவிட்டுப் புத்தகத்தில் உள்ளபடி எழுதச் சொன்னார்கள்."

அந்த நான்கு விதைகள் செய்த குற்றம் என்ன, தோழர்களே? பூச்சி அரித்தனவா? நீர் மிகுந்து அழுகினவா? அறுவடைக்குப் பின் சிலகாலம் உறங்கும் இரகமா? ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடமன்றோ அது! அங்கேயே அதற்குச் சமாதி கட்டினர்.

பல்கலைக்கழக மாணவரிடம் படைப்புச் சிந்தனையை வளர்ப்பது எங்ஙனம் என்று கருத்தரங்கு கூட்டுகின்றனர். கூட்டட்டும். கண்டதை எழுதவே உரிமையற்றவன், எவரும் காணாததை எண்ணுவது எப்படி? புராணத்தை நோக்கி 'ஏன்?' என்று கேட்ட நாம், பாடநூலின் முன் கைகட்டி நிற்பது பகுத்தறிவாகுமா?

திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2 கடலை 1940-இல் வெளியானது. குடியாத்தம் கொத்துக்கடலையில் நல்ல செடிகளைப் பொறுக்கியெடுத்ததால் கிடைத்த இரகம் அது. எல்லாச் செடியும் ஒன்றே என்று ஏட்டை மூடியிருந்தால் அந்த இரகம் ஏது?

மாணவனின் தந்தை பயிரிடுவதும் மல்லாட்டையே. பூப்பது மேலே, விழுது இறங்கிக் காய்ப்பது மண்ணுக்குள்ளே. மண் அணைக்கையில் ஜிப்சம் இடுகிறார்; காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து தானே உறிஞ்சுகிறது. வேர் இருக்க, காய்க்கு ஏன் அந்த வேலை? விழுது தேடுவது மண்ணையா, இருளையா? கறுப்புத் தாளைச் சுற்றிப் பார்க்கலாமே! டார்வினும் மகன் பிரான்சிசும் புல்முளையின் நுனியை மூடிவைத்துத்தான், ஒளியை உணர்வது நுனியே எனக் கண்டு 1880-இல் எழுதினர்.

இவ்வளவும் சொன்னேன். அவன் கேட்டான்: "மதிப்பெண் போனால்? எங்கள் வீட்டில் நான்தான் முதற்பட்டதாரி ஆகப்போகிறவன், ஐயா."

வயிறு நிறைந்தவன் வாய்மை பேசுதல் எளிது. கலைப் பட்டதாரியாகிய நானும் மனப்பாடத்தால் தேறியவனே. பள்ளியில் அவனிடம் 'உள்ளதை உள்ளபடி ஒப்பித்துவிடு' என்றதும் இந்த வாய்தான்! ஆகவே, அவனைக் கோழை என்னேன். விளைவு பிசகியவிடத்துக் காரணம் தேடியவனுக்கும் மதிப்பெண் உண்டென்று தேர்வுமுறை மாறாதவரை, துணிவை ஏழை மாணவனிடம் மட்டும் எதிர்பார்ப்பது நேர்மையன்று.

புறப்படுமுன் குறிப்பேட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்க மூலையில், பென்சிலால், சிறிய எழுத்தில் இருந்தது: 'முளைத்தவை 6.'