மூன்றாவது வரி

மென்பொருள் என்றதும் எல்லோரும் நிரலைப் பற்றித்தான் பேசுகிறோம். நிரலுக்கு முன்னால் ஒரு உரைநடை இருக்கிறது. ஒருவர் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல, இன்னொருவர் எழுதி வைப்பது. எங்கள் பாஷையில் ரிக்வைர்மென்ட் டாக்குமென்ட். ஜிராவிலோ கான்ஃப்ளூயன்ஸிலோ கிடக்கும். அதை அடுக்குவது, சுருக்குவது, ஒரே மாதிரி இருக்கும் இரண்டை ஒன்றாக்குவது என்று வாரத்தில் பல மணி நேரம் போகும். பாத்திரம் கழுவுற மாதிரி சலிப்பான வேலை. ஆனால் அதற்குள் ஒரு அறக்கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இன்னொருவரின் தேவையை, அவர் இல்லாத இடத்தில் திருத்தி எழுத நமக்கு என்ன உரிமை?

ஒரு கற்பனை உதாரணம். மருத்துவமனைக்கு நோயாளிப் பதிவு மென்பொருள். அவசரப் பிரிவு நர்ஸ் சொல்கிறார்: “நினைவில்லாம கொண்டு வர்றவங்க பேர் எங்களுக்குத் தெரியாது சார். பேரில்லாமலே பதிஞ்சு ஆளுக்கொரு நம்பர் வரணும். இல்லைன்னா ஏத்துற ரத்தம் மாறிடும்.” அனலிஸ்ட் எழுதுகிறார்: “அவசர நோயாளிக்குப் பெயர் கட்டாயமில்லை.” தெளிவான வாக்கியம்தான். ஆனால் நம்பரும் ரத்தமும் அதில் இல்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் பட்டியலைச் சுத்தம் செய்கிறார். “பெயர் கட்டாயம்” என்று பில்லிங் பிரிவு கேட்டது ஒரு வரி, “கட்டாயமில்லை” என்று இன்னொரு வரி. முரண்பாடு என்று இரண்டாவதை நீக்குகிறார். மென்பொருள் வந்த பிறகு கவுன்டரில் இருப்பவர் பெயர்க் கட்டத்தில் “தெரியாது” என்று அடிக்கிறார். ஒரே விபத்திலிருந்து மூன்று பேர் வந்தால் பட்டியலில் மூன்று “தெரியாது”.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, சோம்பேறித்தனம் பண்ணவில்லை. ஒவ்வொருவரும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். தீங்கு செய்தவர் யார் என்று கேட்டால் கைகாட்ட ஆளில்லை. காணாமல் போனது ஒரே ஒரு விஷயம்: காரணம்.

இதை உணர்ந்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். 2001 வாக்கில் இங்கிலாந்தின் கனெக்ஸ்ட்ரா நிறுவனத்தில் உருவான யூசர் ஸ்டோரி வடிவத்துக்கு மூன்று வரி. நான் யார், எனக்கு என்ன வேண்டும், எதற்காக வேண்டும். நடைமுறையில் அந்த மூன்றாவது வரிதான் முதலில் காலியாகும். நிரல் எழுத அது தேவைப்படுவதில்லை. என்ன செய்யணும்னு தெரிஞ்சா போதும், எதுக்குன்னு தெரியாமலே ஸ்பிரின்ட் முடிந்துவிடும்.

அப்படியென்றால் எதையும் நீக்காமல் இருப்பதுதான் நல்லதா? ஏரியன் 5 ராக்கெட் அதற்கும் பதில் சொல்கிறது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து கிளம்பி, ஒரு நிமிடம் ஆவதற்குள் அது வெடித்துச் சிதறியது. நான்கு க்ளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடைக்க முயன்று மென்பொருள் நின்றுபோனது, இது பலரும் அறிந்த கதை. விசாரணைக் குழு அறிக்கையில் இன்னொரு செய்தி உண்டு. நின்றுபோன அந்தப் பகுதி, ராக்கெட் கிளம்பிய பிறகு இயங்கவே தேவையில்லை. கவுன்ட்டவுன் கடைசி நொடிகளில் நின்றால் சீக்கிரம் மறுபடி தொடங்க வசதியாக, முந்தைய ஏரியன்களில் அதைச் சுமார் 40 நொடி கூடுதலாக ஓட விட்டிருந்தார்கள். ஏரியன் 5க்கு அந்தத் தேவை இல்லை. ஆனாலும், ஓடிக்கொண்டிருப்பதைத் தொட வேண்டாம் என்று அப்படியே கொண்டுவந்தார்கள். அதே சமயம், ஏரியன் 5இன் புதிய பறக்கும் பாதை பற்றிய தரவு அந்தக் கருவியின் ரிக்வைர்மென்ட்டில் சேர்க்கப்படவில்லை.

மருத்துவமனையில் நீக்கியது தவறு, ராக்கெட்டில் வைத்திருந்தது தவறு. காரணம் தெரியாதவருக்கு எதை நீக்கலாம், எதை வைக்கலாம் என்று தீர்மானிக்க வழியே இல்லை. காரணம் போன விதி சடங்காகிவிடும். அதை மீறவும் பயம், பின்பற்றவும் அர்த்தமில்லை.

“ஜிராவுலதான் ஹிஸ்டரி இருக்கே?” என்பார்கள். இருக்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று நொடி சுத்தமாகச் சொல்லும். ஏன் என்று சொல்லாது. குற்றவாளியைப் பிடிக்க அது உதவலாம்; நர்ஸுக்கு உதவாது. அந்த நர்ஸிடம் பெரும்பாலும் ஜிரா லாகினே இருக்காது. ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு விற்கும் மென்பொருளில், அவருக்கு யார் கணக்கு வாங்கித் தருவார்கள்? தன் வாக்கியம் நீக்கப்பட்டது அவருக்குத் தெரியவே தெரியாது.

இந்த விஷயத்தில் நமக்கு நல்ல முன்னோடி ஒருவர் உண்டு. 1894இல் உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்து சொல் கிடைக்காத இடங்களில் புள்ளி வைத்தார். பிரதிகள் வேறுபட்ட இடங்களில் அந்த வேறுபாட்டைக் குறித்தார். யாப்பும் பொருளும் தெரிந்தவர், நினைத்திருந்தால் நிரப்பியிருக்கலாம். இல்லாததை இல்லை என்று காட்டுவதும் பதிப்பாசிரியரின் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். எங்கள் துறையில் புள்ளிக்குச் சமம் ‘டிபிடி’, அதாவது இனிமேல்தான் முடிவாகும். 1998இன் ஐஇஇஇ 830 தரவிதி, டிபிடி போட்டால் ஏன் போட்டோம், யார் எப்போதுக்குள் தீர்ப்பார் என்றும் எழுதச் சொன்னது. நாங்களோ டிபிடியைப் பார்த்தாலே வெட்கப்பட்டு எதையாவது போட்டு நிரப்பிவிடுகிறோம்.

சுருக்கத்தான் வேண்டும். எல்லோரும் சொன்னதை அப்படியே வைத்தால் முந்நூறு பக்கம் வரும், ஒருவரும் படிக்கமாட்டார். ஆகவே திருத்தும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அது ஒப்படைக்கப்பட்ட பொருள் மேல் வரும் உரிமை. பக்கத்து வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், அலமாரியை மாற்றி அடுக்கக் கூடாது. அடுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் போன் பண்ணிக் கேட்க வேண்டும்.

திருத்திய வரியைக் கேட்டவரிடமே வாசித்துக் காட்டினால், “ஆமா, நான் சொன்னது இதுதான்” என்பாரா? அந்த ஒரு போன் காலுக்கு ஐந்து நிமிடம் ஆகும். எந்த ஸ்பிரின்ட் திட்டத்திலும் அந்த ஐந்து நிமிடத்துக்கு யாரும் டிக்கெட் போடுவதில்லை.