தளர்ந்த கம்பி

பாயில் மோதும் காற்று கடைசியில் சில எஃகுக் கம்பிகளின் மேல்தான் வந்து விழுகிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரு பக்கமும் இரண்டு மூன்று. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிப்பவை இவை. 2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து கிளம்பிய கடற்படைப் பாய்மரப் படகு தாரிணியை, கடற்படை அதிகாரிகளான தில்னாவும் புதுச்சேரிப் பெண்ணான ரூபா அழகிரிசாமியும் இருவராகவே தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றி ஓட்டி, 2025 மே 29-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தத் துணிச்சலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்குக் கம்பிகளும் நினைவுக்கு வரும். கரையே தெரியாத வாரங்களில் ஒரு கம்பி அறுந்தால் மரமே சாயலாம்.

பெரும்பாலான படகுகளில் ஒரு கம்பி என்பது 19 இழைகளின் முறுக்கு. அதை வெறுங்கையால் தடவக் கூடாது. அறுந்த இழை விரலைக் கிழித்துவிடும். பஞ்சை ஓட்டிப் பார்த்தால் அறுந்த இடத்தில் சிக்கி நிற்கும். ஓர் இழை போயிருந்தாலும் கம்பியையே மாற்றிவிட வேண்டும்.

ஆனால் நடுவில் அறுவது அரிது. கம்பியின் நுனியை உள்ளே வைத்து நெரித்த குழல்தான் ஆபத்தான இடம், அதிலும் கீழ்முனை. உப்புநீர் வழிந்து அங்கே தங்கும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது, அதிலுள்ள குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே படரும் மெல்லிய படலம். காற்றுப் புகாத இடுக்கில் அந்தப் படலம் சிதைந்தால் மறுபடி உருவாக வழியில்லை. அழகுக்கு டேப் சுற்றி மூடிவைத்த இடம் அதனால்தான் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். டேப்பைப் பிரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் மயிரிழை விரிசலைத் தேட வேண்டும். அவசரக்காரர்களுக்கான வேலை அல்ல இது.

அடுத்தது இறுக்கம். கம்பியில் 2 மீட்டர் அளந்து குறித்துக்கொண்டு, கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளைத் திருகினால், அந்த நீளம் 1 மில்லிமீட்டர் கூடும்போது அறுபடும் பளுவில் ஏறக்குறைய 5 சதவீதம் ஏறியிருக்கும். மிகையாக முறுக்கினால் படகின் உடல் நெளியும். சரி, தளர விட்டால் கம்பிக்கு ஓய்வுதானே? இல்லை. அலைக்கு அலை மரம் ஆடும். தொய்ந்த கம்பி ஒவ்வொரு முறையும் வெடுக்கென்று இழுபடும். சீராக இழுத்து நிற்கும் கம்பியைவிட அது விரைவில் களைத்துப்போகும். சுமையைக் கம்பி தாங்கிக்கொள்ளும். கைவிடப்பட்டுத் திடீரெனப் பற்றப்படுவதைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை. மனிதரிடமும் இதையே காண்கிறேன். நாள்தோறும் பாரம் சுமப்பவர் அதனாலேயே முறிந்துவிடுவதில்லை. மறந்திருந்துவிட்டு, தேவை வந்தபோது மட்டும் சுண்டி இழுக்கிறோமே, அந்த உறவுதான் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடுகிறது.

துறையில் பார்த்த சரி, பாதிச் சரிதான். மிதமான காற்றில் படகைச் சாய்த்து ஓட்ட வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கம்பி முறுக்கேறி நிற்க, எதிர்ப்பக்கத்துக் கம்பி லேசாக இளகலாம், துவளக் கூடாது. துவண்டால் இரு பக்கமும் ஒரே அளவு திருகிவிட்டு, மறுபக்கம் சாய்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகுதான் டர்ன்பக்கிள் தானாகச் சுழன்று இளகாதபடி பிளவு ஊசி செருகி, நுனியை விரித்துவிடுவது.